நானே மாட்டிய ஷாஃப்ட்

என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். டவுனில் உங்கள் தங்கை வீட்டில் உங்களுக்கும் ஒரு குறையும் இருக்காது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. சேறானால் நம் மேட்டில் நான்கு சக்கரமும் இழுத்தால்தான் ஜீப் ஏறும். அது தெரிந்துதானே, "சத்தம் வருது, ரிப்பேருக்குக் குடுக்கிறேன்" என்று முன் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றிக்கொண்டு போனீர்கள்? முதல் மழைக்கே பயந்து, இந்த மேட்டு வீட்டை விற்கச் சம்மதித்து, பெட்டியோடு டவுனுக்கு வந்து நிற்பேன் என்று கணக்குப் போட்டீர்கள்.

புது ஷாஃப்ட் வாங்கிவிட்டேன். "யாரும்மா மாட்டுவாங்க?" என்று கேட்டார் கடைக்காரர். "மாட்டிட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

சக்கரங்களுக்குக் கல் வைத்து, உங்கள் பழைய சட்டையை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்தேன். முதல் தடவை மாட்டி ஓட்டியபோது வண்டி உதறித் தள்ளியது. ஷாஃப்டின் இரண்டு பாதியையும் நேர் பார்க்காமல் செருகியிருக்கிறேன்! கழற்றி, நேராக்கி, மறுபடி மாட்டினேன். கடைசி போல்ட் மட்டும் இறுகுவேனா என்றது. உங்களை நினைத்துக்கொண்டு ஸ்பேனருக்கு ஓர் உதை விட்டேன். இறுகிவிட்டது.

இன்று கொட்டுகிற மழையில் மேட்டை ஏறி இறங்கிப் பார்த்தேன். சக்கரம் வழுக்கக்கூட இல்லை.

பழைய ஷாஃப்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வரத் தோன்றினால் அடிவாரத்தில் நின்று போன் போடுங்கள், வந்து ஏற்றிக்கொள்கிறேன். ஆனால் ஓட்டுவது நான்தான்.

இங்கேயே இருக்கப்போகும்
உங்கள் மனைவி