முன் வண்டியில் வருகிறவனுக்கு

குழந்தைகள் ஆஸ்பத்திரி,
எலும்பு வார்டு, கம்பாலா.
செவ்வாய்க்கிழமை.

பைக் டாக்சி சங்கத்தின் மாண்புமிகு தலைவரும், நான் பிறந்த வயிற்றிலேயே பிறந்தவனுமான வோதேயாவுக்கு, உன் அக்கா முடோனி எழுதுவது. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்றுக் காலை ரேடியோவில் உன் குரலைக் கேட்டேன். தொண்டை நன்றாகத்தான் வேலை செய்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுவாய். உன் அழுகையைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. மேலும் இங்கே கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள்தான் படுக்கலாம். நான் பேசினால் பிள்ளை நம்போசோ காதில் விழும். அவள் தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் இதை முடித்து, உன் செயலாளர் வாமிம்பி கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

அவன் நேற்று மூட்டையோடு வந்து இறங்கினான். புகை போட்ட மூங்கில் குருத்து, நிலக்கடலை, அதோடு மஞ்சள் சட்டைகள். ஒரு சட்டையை விரித்துக் காட்டினான். நெஞ்சில் என் மகளின் படம்! பள்ளிக்கூடத்தில் எடுத்தது, இரண்டு காலையும் ஊன்றி நிற்கிற படம். கீழே பெரிய எழுத்தில் "நம்போசோவுக்காக". யாரைக் கேட்டு அச்சடித்தாய்?

வாமிம்பிக்கு ஒன்றும் தெரியாது, பாவம், ஒரே குஷி. "சனிக்கிழமை இருநூறு வண்டி அக்கா! நம்ம ம்பாலேல கிளம்பி, ஜிஞ்சா பாலம் தாண்டி, நேரா இந்த ஆஸ்பத்திரி வாசல். தலைவர்தான் முன் வண்டி. கேட்டுக்கு வந்ததும் இருநூறு பேரும் ஒண்ணா ஹார்ன் அடிப்போம் பாருங்க, கம்பாலாவே கிடுகிடுக்கும்! நீங்க பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னாப் போதும், டிவிக்காரங்க மிச்சத்தைப் பாத்துக்குவாங்க" என்றான். சட்டைகளைத் திரும்ப மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டேன். மூங்கில் குருத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். கடலை அரைத்து ஊற்றிச் சமைத்துக் கொடுத்தேன், பிள்ளை வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ரேடியோவில் என்னமாய்ப் பேசினாய், தம்பி! "யாரோ ஒரு பாவி என் அக்கா மகளை இடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிட்டான். அந்த ஒருத்தனால எங்க தொழிலுக்கே கெட்ட பேரு. அதைத் துடைக்கத்தான் இந்த ஊர்வலம். வசூலாகிற பணம் பூரா ஆஸ்பத்திரிக்கு" என்றாய். அந்தப் பாவி யார் என்று ரேடியோக்காரி கேட்டதற்கு, "தேடிக்கிட்டே இருக்கோம் மேடம், கிடைச்சான்னா தோலை உரிச்சிருவோம்" என்றாய். அவ்வளவு தூரம் தேட வேண்டாம், வோதேயா. உன் வண்டிக் கண்ணாடியைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பிப் பார்.

ஆமாம், எனக்குத் தெரியும். டாக்டர்கள் அவளுடைய ஒரு காலை வெட்டி எடுத்த நான்காம் நாள் அவளே சொன்னாள். ஏன்டி ரோட்டில் அப்படிப் பாய்ந்தாய் என்று ஆற்றாமையில் கேட்டுவிட்டேன். "மாமா ஹார்ன் கேட்டுச்சும்மா, அதான் ஓடினேன்" என்றாள். சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு குட்டைச் சத்தம், ஒரு நெட்டைச் சத்தம். தினமும் பள்ளிக்கூட வாசலில் நின்று நீ அடிக்கிற ஹார்ன்தானே? அதைக் கேட்டால் ஓடி வந்து வண்டியில் ஏற வேண்டும் என்று பழக்கியவனே நீதானே? அன்றைக்குப் பின்னால் சவாரி வைத்துக்கொண்டு எதற்கடா அதை அடித்தாய்? நிற்க நேரமில்லை, ஆனால் மாமன் போகிறான் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமாக்கும்!

அப்புறம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "யார்கிட்டயும் சொல்லிறாதம்மா. மாமாவை அடிச்சே கொன்னுருவாங்க. பின்னாடி ஒரு அம்மா குடையோட உக்காந்திருந்தாங்க, அதான் மாமாவால நிறுத்த முடியலை." ஒன்பது வயசுப் பிள்ளை உனக்குச் சாக்குக் கண்டுபிடிக்கிறாள். போலீஸ்காரர் வந்து கேட்டபோது, கறுப்பு வண்டி, வெளியூர் ஆள், முகம் பார்க்கவில்லை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன், என்ன செய்ய?

நின்றிருந்தால் கூட்டம் உன்னை உயிரோடு விட்டிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். அந்த ரோட்டில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு ஓடினாயே, அதற்காக இதை எழுதவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஓடிக்கொண்டே இருக்கிறாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். அன்று சாயங்காலம் ம்பாலே ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாரையும்விட உரக்க அழுதாய். உன்னை எழுப்பி உட்கார வைத்து நான் தண்ணீர் கொடுத்தேன். நினைத்தால் இப்போதும் கை எரிகிறது. அவளைக் கம்பாலாவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாயா? ஊர்வல வேலையாம்! இருநூறு பேரைத் திரட்ட முடிகிற உன்னால் ஒரு பஸ் டிக்கெட் எடுக்க முடியவில்லை.

உனக்கு இம்பாலு, அந்தச் சுன்னத்துச் சடங்கு, நடந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? முகமெல்லாம் கேழ்வரகு மாவைப் பூசிக்கொண்டு, ஊரே சுற்றி நிற்க, கத்திக்கு முன்னால் நின்றாய். இமை கொட்டவில்லை, கால் விரல்கூட அசையவில்லை. முதல் குலவை போட்டவள் நான். "என் தம்பியைப் பாருங்க, மரம் மாதிரி நிக்கறான்!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி இரண்டு நாள் பேச்சே வரவில்லை. அவ்வளவு பெரிய ஆம்பளைக்கு ஒரு சின்னப் பிள்ளையின் கட்டில் பக்கத்தில் வந்து நிற்கத் தொடை நடுங்குகிறதா? அந்தக் குலவையைத் திருப்பிக் கொடு.

இங்கே நடப்பதையும் கேட்டுக்கொள். இந்த வார்டில் மாவுக்கட்டோடு கிடக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் உங்கள் வண்டிகளின் உபயம். அதனால் ஊர்வலம் வரட்டும், நான் தடுக்கவில்லை. கட்டில் போதாமல் தரையில் கிடக்கிறார்கள், தலையணை கிடையாது, நீங்கள் கொடுக்கிறது எதுவும் இங்கே வீண் போகாது. ஆனால் முன் வண்டியில் வாமிம்பி வரட்டும். என் மகள் படத்தை எல்லாச் சட்டையிலிருந்தும் எடுத்துவிடு. எடுக்க முடியாது என்றால் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வரட்டும்.

நீ அதற்கு முன்னால் வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். வண்டி வேண்டாம், பஸ்ஸில் வா. சங்கத்துச் சட்டை வேண்டாம், கூட ஆள் வேண்டாம். மாடிக்கு வந்து, அவள் முகத்தைப் பார்த்து, "நான்தான்" என்று சொல். அவளுக்குத் தெரியாதது ஒன்றையும் நீ சொல்லப் போவதில்லை. ஆனால் நீ சொன்னால்தான் அந்தப் பிள்ளை பொய் சொல்வதை நிறுத்த முடியும். ராத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிறாள். உன் ரகசியத்தைச் சுமக்கிற வயசா அது?

அவளுடைய அப்பா ஜூபாவுக்குச் சரக்கு லாரியோடு போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார். அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இனிமேல் மறைக்கவும் மாட்டேன். நீ வந்து சொல்லியிருந்தால், வந்து சொன்னான் என்றும் சேர்த்துச் சொல்வேன். வராவிட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். குறுக்கே விழுந்து தடுக்க எனக்குத் தெம்பில்லை.

மன்னிப்புக் கேட்டு என் காலில் விழாதே, என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அவளிடம் இருக்கும். உனக்கென்று நிறையவே வைத்திருக்கிறாள், எனக்கே பொறாமையாக இருக்கிறது. வாமிம்பி சொன்னதைக் கேட்டதிலிருந்து, சனிக்கிழமை தன் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்லி நர்ஸ் அகெல்லோவை நச்சரிக்கிறாள். "எங்க மாமாதான் முன்னாடி வருவாங்க, ஹார்னை வச்சே நான் சொல்லிருவேன்" என்று வார்டு முழுக்கப் பீற்றிக்கொள்கிறாள்.

கடவுள் உனக்குத் தைரியம் கொடுக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். திட்டிக்கொண்டேதான் வேண்டிக்கொள்கிறேன், இருந்தாலும் வேண்டிக்கொள்கிறேன்.

இவ்வளவு சொல்லியும் நீ சனிக்கிழமை வண்டியில்தான் வருவாய் என்றால், ஒன்றே ஒன்று கேட்கிறேன், அக்காவாக இல்லை, அவளுடைய அம்மாவாக. அந்த ஹார்னை மட்டும் இந்த வாசலில் அடித்துவிடாதே. முந்தாநாள் தெருவில் யாரோ அதே மாதிரி அடித்தார்கள். தூக்கக் கலக்கத்தில் "மாமா!" என்று கட்டிலை விட்டுக் குதித்துவிட்டாள். ஓடுவதற்கு இரண்டு கால் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

உன் அக்கா,
முடோனி.