தலையணையில் சுற்றிய சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு வேல்விழி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் இருமல் குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? ஜெர்மனியில் குளிர் அதிகம்தான், ஆனால் நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. வேலையிடத்துத் தூசியால் புற்றுநோய் வருமா என்று ஆராய்வதுதானே என் படிப்பு? புதுக் கருவியைச் சோதிக்க, மாணவர்கள் நாங்கள் எங்கள் கைகளையே பஞ்சால் துடைத்துக் கொடுத்தோம். மற்றவர்கள் கையில் ஒன்றுமில்லை. என் கையில் மட்டும் பட்டாசு மருந்து, அலுமினியப் பவுடர்! "நீ எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறாய்?" என்று பேராசிரியர் சிரித்தார்.

எல்லாம் அப்பாவின் முழுக்கைச் சட்டை செய்த வேலை. பட்டாசுக் கம்பெனியில் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வீர்களே, அதுதான். உங்கள் வாசனைக்காக எடுத்துவந்து தலையணையில் சுற்றிப் படுத்திருந்தேன். அதை ஆய்வகத்துக்காரர்கள் பையில் போட்டு ஒட்டி எடுத்துப் போய்விட்டார்கள். தொட்டதற்கே என்னைத் திரும்பத் திரும்பக் கை கழுவ வைத்தார்கள். நீங்கள் அது மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் தினமும் மருந்து அறையில் உட்கார்கிறீர்கள். வேலையை விடுங்கள் என்றால், "விட்டுட்டு எங்கன போகச் சொல்றே தாயி?" என்பீர்கள்.

ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது. தலையணையில் சுற்றிக்கொள்ள, இருக்கன்குடி கோயிலுக்கு நீங்கள் கட்டிப் போகும் பச்சைச் சேலையைப் பார்சலில் அனுப்புங்கள். கையை நன்றாகக் கழுவிவிட்டு மடியுங்கள். கழுவியும் அந்தப் பவுடர் போகவில்லை என்றால் பரவாயில்லை அம்மா, அப்படியே அனுப்புங்கள்.

உங்கள் மகள்
வேல்விழி