அரை அங்குலம் குறைந்த ஏரி

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையுமில்லை.

சிரிக்காதே, இங்கே ஒட்டுப்போர்வை தைக்கிறவர்களோடு சேர்ந்துவிட்டேன். மொத்தம் பன்னிரண்டு பேர். அவரவர் ஊரைப் பன்னிரண்டு சதுரத் துணிகளில் தைத்து, ஆளுக்கொன்றாக மாற்றிக்கொண்டு, சேர்ந்ததை ஒன்றாக இணைத்தால் போர்வை. தபால்காரம்மாதான் ஏற்பாடு.

நான் நம் ஏரியைத் தைத்தேன். பன்னிரண்டு துண்டும் அரை அங்குலம் குறைச்சல்! அந்த அம்மா அளந்தபோது கூசிப்போய் நின்றேன். அவரோ எல்லாரையும் பார்த்து, "ஓரம் பிரியாம இருக்க, சுத்தி ஒரு பட்டை வெச்சுத் தைச்சிடலாமே" என்றார். எனக்கு மட்டும் அந்த அரை அங்குலம் நிரம்பும்படி பட்டையை அகலமாக வெட்டித் தந்தார். என் துண்டு குறைந்தது வேறு யாருக்கும் தெரியாது. என்ன மனசு பார்!

இப்போது பதினொரு வீடுகளில் நம் ஏரி இருக்கிறது.

என் போர்வைக்கு அடித்துணி வேண்டும். நீ கட்டுகிற புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்