கறுப்புக் காரின் மேல் விழுந்த கோடு

பாலகாட்,
கே.ஜி.எஃப்.
திங்கட்கிழமை

அன்புள்ள மகன் டென்சிலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், உன் அப்பாவுக்கு வலது கண் புதுசு, எனக்கு இரண்டு தோளும் பழசு, அவ்வளவுதான் வித்தியாசம். அயர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். இந்த வீட்டில் போனில் ரகசியம் பேச முடியுமா சொல், உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், நீ அங்கே தும்மினால் எதிர் வீட்டு ரத்தினம்மா இங்கே மாத்திரை பெயர் சொல்கிறாள். மைசூர் மைன்ஸ் குடியிருப்பு ஸ்டீவன் வியாழக்கிழமை உன் ஊருக்கே கிளம்புகிறான், அவனிடம் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாயை அப்புறம் திற, இதை முதலில் படி.

விஷயம் உன் கார்தான். அப்பா சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நீ என்னிடம் சொன்னாயே, நான் இனி அங்கே வந்து ஓட்டப்போவதில்லை, பெங்களூர் சிநேகிதன் ரூபேஷ் கேட்கிறான், கொடுத்துவிடலாம், அப்பா கண் ஆபரேஷனுக்கு ஐடா அத்தை வீட்டில் இருக்கும்போதே வண்டியைப் பளிச்சென்று கழுவி வை, ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும், அப்பாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று. நானும் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டின பிறகுதான் வெளியே போய் வண்டியைப் பார்த்தேன். வீடியோ காலில் உனக்கு அது கறுப்பாகத்தான் தெரியும், வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க சிலந்தி வலை பின்னின மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். யார் வேலை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் அப்பா கிழிந்த பனியனைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வண்டியைத் துடைக்கிறார். நம் ஊர்க் காற்றுதான் உனக்குத் தெரியுமே, தங்கம் எடுத்த பிறகு மலையாகக் கொட்டி வைத்த சயனைட் டம்ப் மண் மாவாகப் பறந்து வந்து டிவி மேலும் பைபிள் மேலும் உட்காரும், இங்கே யாராவது சாப்பாட்டுத் தட்டை மல்லாத்தி வைக்கிறார்களா. அந்த மண்ணின் மேல் துணியை வைத்துத் தேய்த்தால் பெயின்ட் என்ன ஆகும். கண்ணில் புரை விழுந்த மனிதர், துடைத்து முடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பார், நானும் ரத்தினம்மாவும் கண்ணாடி மாதிரி இருக்குது என்போம். வேறு என்ன சொல்வது.

சரி, போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தது, எட்டு நாள் கழித்து வந்த தண்ணீர், ரத்தினம்மாவும் நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினோம். அவள் கையில் பாத்திரம் தேய்க்கிற சோப்புக்கட்டியும் தேங்காய் நாரும், முன்னால் இருக்கிற வெள்ளிப் பட்டையைத் தேய்க்கக் கொஞ்சம் புளியும். இன்னாக்கா, பெரிய குண்டான்னு நெனச்சுக்கினு தேச்சா போச்சு என்றாள். நல்ல வேளை அவள் மகள் பவ்யா காலை ரயிலுக்குப் போவதற்கு முன்னால் நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை நோட்டில் எழுதி, காருக்கென்று விற்கிற ஷாம்பூவும் மெத்தென்ற துணிகளும் எடுத்து வைத்திருந்தாள். இரண்டாவது வரியிலேயே பாத்திர சோப் கூடாது, அது மெழுகுப் பூச்சை உரித்துவிடும் என்று இருந்தது. ரத்தினம்மா நாரைக் கீழே போடவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டாள், எதற்கும் இருக்கட்டுமாம்.

நிழலில்தான் கழுவ வேண்டும், வெயிலில் சோப் காய்ந்தால் திட்டுத் திட்டாகப் படியும் என்று நீ சொல்லியிருந்தாய். வண்டி நிற்பது நடு வெயிலில், எங்கள் இரண்டு பேருக்கும் ஓட்டத் தெரியாது, ஓட்டத் தெரிந்த பவ்யா அதற்குள் பங்காருபேட்டையைத் தாண்டியிருப்பாள். அதனால் மாதர் சங்கத்து ஷாமியானாத் துணியைக் கொண்டுவந்து கம்பத்துக்கும் ஜன்னலுக்குமாகக் கட்டினோம். வாசலில் ஷாமியானாவைக் கண்டால் ஊர் சாவு என்றுதானே நினைக்கும், கட்டி கால் மணி நேரத்தில் மாரிகுப்பத்திலிருந்து கிருஷ்ணம்மா அழுதுகொண்டே வந்தாள், கண் ஆபரேஷன்தானே என்று சொன்னீர்கள், ஏனோக் அண்ணன் இப்படிப் பண்ணிட்டாரே என்று. அவள் பின்னால் மாலையோடு இரண்டு பேர். உன் அப்பா ஐடா வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று போன் போட்டுக் காட்டின பிறகுதான் கலைந்தார்கள். மாலையைத் திருப்பிக் கொண்டுபோக மனசில்லாமல் கார் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

மற்றபடி நீ சொன்ன முறை தப்பவில்லை. முதலில் கையே வைக்காமல் பூவாளியால் மேலிருந்து தண்ணீர் ஊற்றி மண்ணை ஓடவிட்டோம். ஒரு வாளியில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர், ஒரு கதவு கழுவினதும் துணியை வெறும் தண்ணீரில் அலசி மண்ணை இறக்கிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் முக்க வேண்டும். கூரையிலிருந்து கீழே வர வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது, நேராகத்தான் இழுக்க வேண்டும், சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. துணி தரையில் விழுந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. ரத்தினம்மா கையிலிருந்து நான்கு முறை விழுந்தது. நான்காவது முறை, ஏன்க்கா உன் மகன் துணிக்குப் பார்க்கிற மடி எங்க மாமியார் சமையலுக்குக்கூடப் பார்க்கலையே என்றாள். கடைசியில் பெரிய மெத்தைத் துண்டை மேலே விரித்து ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தோம். வண்டி ஷோரூமில் நிற்கிற மாதிரி நின்றது, நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

சொன்ன வாய் மூடவில்லை, ஒரு காற்று அடித்தது. ஷாமியானா பறந்து ரத்தினம்மா தலையில் விழுந்தது, டம்ப் மண் மெல்லிசாக பானெட் மேல் வந்து இறங்கியது. எனக்கு நாற்பது வருஷப் பழக்கம், மண்ணைக் கண்டால் கை தானாகப் போகும், பிரசங்கம் நடக்கும்போதே முன் பெஞ்சைத் துடைக்கிறவள் நான். மூளை வேண்டாம் என்று சொல்வதற்குள் முந்தானையை எடுத்து சர்ரென்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். முந்தானையில் வீட்டுச் சாவி முடிந்திருந்தது. ஒரு முழ நீளத்துக்கு நேராக ஒரு கோடு. ரத்தினம்மா ஷாமியானாவுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி அதைப் பார்த்தாள், இடுப்பிலிருந்த நாரை எடுத்துத் தூர எறிந்தாள்.

அடுத்த இரண்டு நாள் பவ்யா வாங்கிவந்த பாலிஷ்தான். முதலில் கதவுக்கு அடியில் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் உள்ளங்கையளவு போட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்றதும் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பாஞ்சில் தொட்டு, அழுத்தாமல், ஒரு இடம் முடித்துத் துடைத்துவிட்டு அடுத்த இடம். என் தோள் போனது இதில்தான். அப்பாவின் வட்டங்கள் எல்லாம் மேலோட்டமான கீறல், முக்கால்வாசி மறைந்துவிட்டது. என் கோடு மட்டும் அப்படியே இருந்தது. ரத்தினம்மா அதன் மேல் பல்பொடி வைத்துத் தேய்க்கலாமா என்று கேட்டாள், அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அப்பா திங்கட்கிழமைதான் வருவார் என்றுதானே உன் கணக்கு. வெள்ளிக்கிழமை மாலையே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கிவிட்டார், ஐடா எல்லாவற்றையும் உப்பில்லாமல் வேகவைத்துப் போடுகிறாளாம். பையைக்கூட வீட்டுக்குள் வைக்கவில்லை, நேராக வண்டியிடம் போனார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று சுற்றி வந்தார். பானெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் கை வட்டமா போகும் லூயிசா, இது நேரா போயிருக்குது, இது இன்னா, உன் முந்தானையா என்று கேட்டார். நான் பொய் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. உங்கள் கீறலை எல்லாம் எடுத்துவிட்டு என் கீறலைப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. துணிக்கு அடியில மண்ணு கரகரன்னு அரைக்கிறது என் கைக்குத் தெரியாதா, இரண்டு வருஷமா தெரியும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, தெரிந்துமா பிள்ளை வண்டியைப் பாழ் பண்ணினீர்கள் என்று கத்தினேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தண்ணி சனிக்கிழமை வரமாட்டேங்குது, இரண்டு மணிக்கு அவன் போன் பண்ணுவான், கார் துடைச்சீங்களா டாடின்னு கேப்பான், துடைச்சேன்னு சொல்லணும், துடைக்கலன்னா அவன்கிட்ட இன்னா பேசறது, என்கிட்ட அவன் கேக்கறது அந்த ஒண்ணுதானே என்றார். சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் அங்கேயே நின்று யோசித்தேன் டென்சில். என்னிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிறாய், முட்டி வலி கேட்கிறாய், ரத்தினம்மா வீட்டுக் கோழியைக்கூட விசாரிக்கிறாய். அவரிடம் கார், அதோடு போன் என் கைக்கு வந்துவிடுகிறது. உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை, அவரும் உன்னிடம் அங்கே மழையா என்பதைத் தவிர வேறு கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பதே அந்த ஒரு வண்டிதான், அதையும் ரூபேஷிடம் கொடுக்க நான்தான் கழுவி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது ரூபேஷ் தெருமுனையில் வழி கேட்டுக்கொண்டு நின்றான். வீடு வரை விடவில்லை. வண்டிக்குள் எலி குட்டி போட்டிருக்கிறது, ஒயரை எல்லாம் கடித்துவிட்டது, நாற்றம் தாங்கவில்லை, மாலைகூடப் போட்டாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நம்பாமல் எட்டிப் பார்த்தான், தூரத்தில் மாலையோடு வண்டி நின்றது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். சர்ச்சில் திருவிருந்து எடுத்த வாயால் சொன்ன பொய், ஆண்டவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவனிடம் நீ பேசிக்கொள். உன் வண்டி, விற்பதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம். விற்பதென்றால் அப்பாவிடம் நீயே சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேறு பத்துக் கேள்வியாவது யோசித்து வைத்துக்கொள். ஒன்றை நானே சொல்லித் தருகிறேன். அவருக்கு ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கண் எப்படி இருக்கிறது என்று நீ மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் என்னிடம்தான் கேட்டாய்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலைகளை ஆசீர்வதிப்பாராக. ஊறுகாய் பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே. சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவர் போனுக்குப் பக்கத்தில் இருப்பார்.

உன் நன்மைக்காக ஜெபிக்கும் அம்மா,
லூயிசா ஏனோக்