குசும்பாப் பூவும் காஷ்மீர் டப்பாவும்

3-11-84

ஒலக்கூர் வட்டாரத்திலேயே முதன்முதலாகக் குசும்பா எண்ணெய்வித்தை விதைத்தவன் நான்தான். விதை, லாரி ஓட்டும் தேவநாதன் பெல்லாரியிலிருந்து கொண்டுவந்தது. மழை விட்டு, மண் காலில் ஒட்டாத பதம் பார்த்து, முழத்துக்கு ஒரு வரிசை போட்டேன். இனித் தண்ணீரே கேட்காது. தேங்கினால்தான் ஆபத்து, வேர் அழுகிவிடும். மல்லாட்டைக் கடலை போடாமல் கண்ட முள்ளைப் போடுகிறேன் என்று என் பெண்டாட்டி வீரம்மாளுக்குக் கோபம். டில்லியிலிருந்து ஆபீசர் வந்து பார்க்கப் போகிறார் என்று சொல்லி வைத்தேன். வந்தாலும் வருவார்.

19-12-84

சீ. இதெல்லாம் ஒரு செடியா? தளிராக இருந்தபோது கிள்ளிக் கூட்டு வைத்தோம், தேவலை. இப்போது இலைக்கு இலை முள். அடியில் கறுப்புச் செடிப்பேன் அப்பிக் கிடக்கிறது. தொட்டால் எவனோ துப்பிய எச்சில் மாதிரி பிசுபிசுப்பு. வேப்பங்கொட்டை இடித்துக் கரைத்துத் தெளித்தேன்.

16-1-85

பொங்கலுக்கு விழுப்புரம், தங்கச்சி கிருஷ்ணவேணி வீடு. அவள் மகள் அஞ்சலைக்கு ஆறாம் மாசம். முன்னே இரண்டு கலைந்துபோயிற்று. இது நிற்க வேண்டும் என்று தங்கச்சி வேண்டாத சாமி இல்லை. பாலில் போட நல்ல குங்குமப்பூ எங்கே கிடைக்கும் என்று பேச்சு வந்தது. காஷ்மீரில் எனக்கு ஒரு மிலிட்டரி சிநேகிதன், ஒரு கடுதாசி போட்டால் டப்பா டப்பாவாக வரும் என்றேன்.

அப்படி ஒருவன் இல்லை. ஏன் சொன்னேன்? வாய் தானாகப் போய்விட்டது. தங்கச்சி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

10-2-85

குசும்பா பூத்துவிட்டது. முதலில் மஞ்சள். வாடும்போது செக்கச்செவேல் என்று ஆகிறது, அப்போதுதான் இதழைப் பிடுங்க வேண்டும். விடியற்காலைப் பனியில் முள் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். நிழலில் உலர்த்தினேன். பார்த்தால் குங்குமப்பூவேதான். வாசனைதான் இல்லை. இதுவும் பூ, அதுவும் பூ. என்ன கெட்டுப்போயிற்று?

24-2-85

வளைகாப்பு. தாய்மாமன் சீரோடு அந்த இதழை அடைத்த டப்பாவையும் வைத்தேன். சபையே எட்டிப் பார்த்தது. பனிமலையில் சிப்பாய்கள் காவல் நிற்கப் பறித்தது என்றேன். வீரம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

1-3-85

எழுதக் கை வரவில்லை.

காலையில் திண்டிவனம் டீக்கடையில் தேவநாதன். அவன்பாட்டுக்குச் சொன்னான்: "அந்தப் பூவை மட்டும் புள்ளத்தாச்சிக்குக் குடுத்துடாதண்ணா. நாள் தள்ளிப்போனா, கலைக்கிறதுக்கு அந்தூர்ல இதைத்தான் கசாயம் வச்சிக் குடிக்கிறாங்க."

டீயை அப்படியே வைத்தேன். விழுப்புரத்துக்குப் பஸ் பிடித்து ஓடினேன். வெள்ளிக்கிழமை பார்த்துத் தொடங்க வேண்டும் என்று தங்கச்சி இத்தனை நாள் டப்பாவைத் திறக்காமல் வைத்திருக்கிறாள். இன்றைக்குத்தான் வெள்ளி. போய் நிற்கிறேன், அஞ்சலை கையில் டம்ளர். பால் மஞ்சளாக இருக்கிறது.

உண்மையைச் சொன்னேன். என் கொல்லையில் விளைந்தது, காஷ்மீரும் இல்லை, சிநேகிதனும் இல்லை, குடிக்காதே என்றேன். கலையும் என்கிற வார்த்தையை மட்டும் அவள் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை.

தங்கச்சி சிரித்தாள். "ஏண்ணா, இவ்ளோ ஒசந்த பொருளைக் குடுத்துட்டோமேன்னு அண்ணி திட்டிச்சா? திருப்பி வாங்கிக்கினு போகத்தான் வந்தியா?"

அஞ்சலையும் சேர்ந்துகொண்டாள். "மாமா சொல்றதையெல்லாம் நம்புனா நாம டில்லிக்கே ரெண்டு தபா போயிட்டு வந்திருப்போம்மா."

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிறாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதற்கும் சிரிப்பு.

அப்போதுதான் சொன்னேன். "டப்பாக்குள்ள பல்லி செத்துக் கெடந்துச்சு. அதை எடுத்துப் போட்டுட்டு மூடிக் குடுத்துட்டேன்."

உடனே நம்பினார்கள். அஞ்சலை டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஓங்கரித்தாள். தங்கச்சி டப்பாவைச் சாக்கடையில் கொட்டினாள். என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ச்சீ. நீயெல்லாம் ஒரு தாய்மாமனா? போய்டு."

பஸ்ஸில் நானே என் கையை மோந்து பார்த்தேன். இல்லாத பல்லியின் நாற்றம்.

12-3-85

முள்ளுக்குப் பயந்து அறுப்புக்கு ஆள் யாரும் வரவில்லை. நானும் வீரம்மாளும் கையில் கோணி சுற்றிக்கொண்டு, வெயில் ஏறுமுன் அறுத்தோம். முள் முகத்திலும் கீறியது. வீரம்மாளாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

20-3-85

விதையைச் செக்கில் ஆட்டினோம். எண்ணெய் நன்றாகவே இருக்கிறது என்கிறாள் வீரம்மாள். எனக்கு அதைப் பார்த்தாலே பிடிக்கவில்லை.

2-5-85

அஞ்சலைக்குப் பெண் குழந்தை. இரண்டும் சுகம். எனக்குச் சேதி சொன்னவன் பஸ் கண்டக்டர்.

9-2-86

இந்த வருஷம் கொல்லை முழுக்க மல்லாட்டை. வரப்பில் மட்டும் குசும்பா, வேலிக்கு. ஆடு மாடு கிட்டே வருவதில்லை.

பெருமுக்கல் கோயிலுக்கு வந்த அஞ்சலை, அம்மாவையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தங்கச்சி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர்கூட வேண்டாமாம். அஞ்சலை குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வரப்புப் பக்கம் போனாள். சிவந்த பூ ஒன்றைப் பிடுங்கி, விரலில் முள் குத்த, டப்பாவில் இருந்த அதே இதழைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அன்னிக்கி நெசமாத்தான் சொன்னீங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ பல்லி?"

குழந்தை என் மீசையைப் பிடித்து இழுத்தது. அவள் போய் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு தங்கச்சி, "அண்ணி, தண்ணி குடு" என்றாள்.

சொம்பை வாங்கியவள் குடிக்கும் முன் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தாள்.