டைல்ஸுக்கு பின்னால ஒழுவுற பைப்பு

14-11-91, வியாழன்

ஆமா, எங்க காலனி சூப்பர்வைசர் சார் வூட்ல சண்ட போட்டுட்டு தான் வந்தேன். அவங்க பாத்ரூம் பைப்பு நான் தனியா எடுத்த மொத வேல. "தண்ணி வுட்டு ஒரு ராத்திரி பாக்கணும், அதுவரைக்கும் செவுத்த மூடாதீங்க"ன்னு சொன்னேன். இன்னிக்கு அஷ்டமி, வேல ஆரம்பிக்கக் கூடாதுன்னு நேத்தே மேஸ்திரிய வச்சி டைல்ஸ் ஒட்டிட்டாங்க. இன்னிக்கு செவுரு ஒழுவுது.

"காலேஜையும் பாதில வுட்ட, பைப்பையும் பாதில வுட்டியா தம்பி?"ன்றாரு சார். மேஸ்திரி பல்லக் காட்றான். ஜாயிண்ட் ஒழுவாதுன்னு நானா சொன்னேன்? ஒழுவுதான்னு பாக்கத்தானே ஒரு ராத்திரி கேட்டேன். இனிமே இந்த காலனில எவன் என்ன வேலைக்கு கூப்புடுவான்?

டைல்ஸ ஒடச்சா தான் சரி பண்ண முடியும்னேன். "அஷ்டமி, நவமில ஒடைக்கக் கூடாது, நாளன்னிக்கு வா"ன்னாங்க சார் வூட்டம்மா.

இப்ப சாரே எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு கூப்புடறாரு. படுக்கற ரூம் செவுரும் நனஞ்சிடுச்சாம். உளிய எடுக்கணும், போறேன்.