ட்ரையல் ரூமில் மூன்று நாள் இருந்த சேலை

மச்சான்,

நம் துணிக்கடையில் தரை ஓடு மாற்றுகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் கவுன்டருக்கு முன்னால், ஆள் தள்ளி நிற்க நாம் ஒட்டிய மஞ்சள் வட்டம் ஒன்று இன்னும் பாதி பெயராமல் கிடந்தது. சுரண்டியவர், "இன்னா சார் இது, கோலமா?" என்றார். ஒரு யுகத்தின் சின்னமப்பா என்றேன். அவர் சுரண்டிக்கொண்டே போனார்.

நகரிப் பக்கமிருந்து ஒரே பஸ்ஸில் திருப்பதிக்கு வேலைக்கு வந்தவர்கள் நாம். கொரோனா வந்தபோது நீ எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில்; நான் வாசலில், காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியோடு. நான் சுட்ட நெற்றிகளை வரிசையாக நிறுத்தினால் சித்தூரைத் தாண்டிப் போகும். "கொரோனா விதிப்படி விற்ற துணி மாற்றித் தரப்படாது" என்ற பலகையையும், முதலாளி சொல்ல, மும்மொழியில் நானே எழுதினேன். பல்லவர் கல்வெட்டெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது.

வெதுருகுப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்கு எடுத்த முகூர்த்தச் சேலை. வீட்டில் பிரித்துப் பார்த்தால் முந்தானையில் கை நுழையும் அளவு கிழிசல். கல்யாணம் மறுநாள். நான் பலகையைக் காட்டினேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. உனக்குக் கிழிசல் தெரியுது இல்ல?" என்றார்.

நீ எழுந்து வந்தாய். "எந்த விதிடா?"

"கவர்மென்ட் விதி மச்சான்."

"எங்க எழுதிக்கீது, காட்டு."

வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்த அரசு உத்தரவில் நான் தினமும் முதுகு சாய்த்ததுண்டு, படித்ததில்லை. நீ கடைசி வரி வரை சத்தமாகப் படித்தாய். மாஸ்க் இருந்தது, இடைவெளி இருந்தது, ட்ரையல் ரூமைப் பூட்டச் சொல்லியிருந்தது. கிழிந்த துணியை விற்றவன் தப்பித்துக்கொள்ளலாம் என்று மட்டும் இல்லை.

"ரூல் அண்டே ரூலே!" என்று மாடிப்படியிலிருந்து தெலுங்கில் கத்தினார் முதலாளி. "ரூல்னா ரூல்தான். அந்தச் சேலையோட நோய் வந்தா?"

"சேலைக்கும் குவாரன்டைன் போட்றேன் சார். வேலைய விட்டுப் போன்னா போய்க்கினே இருப்பேன். ஆனா இந்தம்மா நல்ல சேலையோடதான் போவணும்."

அந்த அம்மா அதே நிறத்தில் வேறு சேலையோடு போனார். கிழிந்தது, பூட்டிய ட்ரையல் ரூமில் மூன்று நாள் தனிமையில் தொங்கியது. "நோயாளி நலம், பசி மட்டும் இல்லை" என்று நான் வேளாவேளைக்கு மருத்துவ அறிக்கை வாசித்தேன். முதலாளி உன்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு மாதம் பேசவும் இல்லை. என் கல்வெட்டை நானே இறக்கினேன்.

அன்றிலிருந்து உன் கேள்வி என் வாய்க்கு வந்துவிட்டது. பேங்கோ, கரன்ட் ஆபீசோ, யார் விதி என்றாலும் "எங்க எழுதிக்கீது?" என்று இன்றைக்கும் கேட்கிறேன். பாதிப் பேரிடம் காட்ட எதுவும் இருப்பதில்லை.

அடுத்த வருடத்து அலையில், நீ திரும்பி வராத அந்த ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோது, உன்னோடு உள்ளே வர விடாமல் வார்டு வாசலில் ஒரு நர்ஸம்மா என்னைத் தடுத்தார். அவரிடமும் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, கதவில் ஒட்டியிருந்த உத்தரவைக் காட்டினார். கடைசி வரி வரை, இரண்டு தடவை படித்தேன் மச்சான்.

எழுதித்தான் இருந்தது.